வெள்ளி அடைத்த பல்

நன்றாக இருந்த பல்லை நோண்டிக் கெடுத்தாகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

என் பல் இல்லை. வீட்டில். கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல்.

நீர்தானே கேட்டீர், வெள்ளி அடைக்கலாமா வெள்ளை அடைக்கலாமா, எது நல்லது என்று? கேட்டால் பதில் சொல்ல வேண்டும். உட்காரும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுகிறது. நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இந்தப் பக்கம் வாரும்.

டோக்கன் என்ன? ஒன்பதா? எனக்கு ஏழு. அவசரம் என்றால் நீர் முன்னால் போகலாம். எனக்கு முதலில் மூன்றுதான் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், அவளிடம் கொடுத்துவிட்டு ஐந்து வாங்கினேன். ஐந்தை ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தேன். மனுஷனுக்கு மனுஷன் உதவ வேண்டும். பயம் ஒன்றும் இல்லை.

அந்தச் சத்தம் என்ன, உள்ளே? மெஷினா? சரி.

நான் அப்ரைசர். பாவூர்சத்திரத்தில் ஒரு கூட்டுறவு பேங்கில் முப்பத்திரண்டு வருஷம். அடகுக்கு வருகிற நகையை உரைத்துப் பார்த்து, தங்கமா இல்லையா என்று சொல்கிற வேலை. உரைகல்லில் ஒரு தேய்ப்பு. அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு ஆசிட். கோடு நின்றால் தங்கம், கரைந்தால் கலப்படம். அழுவார்கள், சத்தியம் செய்வார்கள், பாட்டி போட்ட நகை என்பார்கள். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். கோட்டைப் பார்ப்பேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு உலோகம் தெரியும். பின்னால் நீர் கேட்கக் கூடாது பாரும், இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று.

வீட்டில் அந்தப் பல்லை அடைத்து இருபத்தெட்டு வருஷம். இதே ஆஸ்பத்திரிதான், அப்போது வேறு டாக்டர். வெள்ளி வைத்து அடைத்தார். அதற்கப்புறம் அந்தப் பல்லால் அவள் கடிக்காத பொருள் இல்லை. கரும்பு, முறுக்கு, தேங்காய்ச்சில், சுண்டைக்காய் வற்றல். ஒரு நாள் வலி என்று சொன்னதில்லை. வெள்ளி மட்டும் நாள்பட நாள்பட கறுத்துவிட்டது. அது உள்ளே கிடக்கிற பல், யாருக்குத் தெரியப் போகிறது என்பீர். தெரியும். அவள் சிரிப்பு அப்படி. வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் சாய்த்து. எதிர்வீட்டு மாடு திரும்பிப் பார்க்கும். கல்யாணமான புதிதில் எங்கள் அம்மாவே சொல்லிப் பார்த்தாள், "மெல்லச் சிரி, ஏளா, ஊரு கூடுது." அதற்கும் சிரித்தாள்.

போன ஆவணியில் சின்னவனுக்கு நிச்சயம் ஆயிற்று. வீடியோ எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள், எல்லாரும் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். பெரிய டிவி, சின்னவன் வாங்கிப் போட்டது. அதில் யாரோ ஏதோ சொல்ல அவள் சிரிக்கிறாள். அந்த வீடியோக்காரப் பயல் கேமராவை வாய்க்குள்ளேயே கொண்டுபோய்விட்டான். டிவியில் அந்தப் பல் அம்மிக்குழவி அளவுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. நான் சொன்னேன், "என்னது இது, அடுப்பில கரி அள்ளித் தின்னுட்டு வந்தவ மாதிரில்லா இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமயத்துக்கு ஏற்றமாதிரி ஒன்று சொன்னேன், அவ்வளவுதான். அவள் எழுந்து காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறு டம்ளர். அதில் இரண்டில் காப்பி அப்படியே இருந்தது. குடிக்காத டம்ளரை ஏன் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அது வேறு கதை. பல்லுக்கு வருவோம்.

புரட்டாசியில் நான் ஒன்றைக் கவனித்தேன். வீடு அமைதியாக இருந்தது. பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில் வரும், "உம்", "இருக்கு", "எடுத்து வச்சிருக்கேன்." சிரிப்பு இல்லை. எப்போதாவது வந்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நான் என்ன நினைப்பேன்? உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைப்பேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு கம்பவுண்டர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். பல்லில் அடைக்கிற வெள்ளி வெறும் வெள்ளி இல்லையாம். பாதிக்குப் பாதி பாதரசமாம். வெள்ளி, தகரம், செம்பு எல்லாவற்றையும் பொடித்து ரசத்தில் குழைத்து வைப்பது. ரசம் உடம்பில் ஏறினால் மனுஷன் சுருங்கிப் போவான், பேச்சு குறையும், கை நடுங்கும், பசி எடுக்காது என்று அதில் எழுதியிருந்தது.

தாளை இரண்டு தடவை படித்தேன். ரசம் என்றால் என்ன என்று உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு நர்ஸம்மா மோதிரம் கொண்டுவந்தாள். தங்கமோதிரம், பாதி வெளுத்துக் கிடந்தது. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய் உடைந்து கையில் ரசம் பட்டிருக்கிறது. ஒரு பொட்டு. அது போதும், தங்கத்தைத் தின்னும். அந்த மோதிரம் விரலால் அழுத்தினால் பிட்டு மாதிரி உடைந்தது. அப்படிப்பட்ட சாமானை என் வீட்டில் ஒருத்தி இருபத்தெட்டு வருஷமாக வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறாள்.

இன்னொன்று இருக்கிறது. அவளுக்கு ஒரு பழக்கம். யோசனை வந்தால் தாலிக்கொடியை எடுத்துக் கடிப்பாள். நான் அன்றைக்குச் சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது குனிந்து பார்த்தேன். கொடியில், வலது பக்கம், ஒரு கடுகளவு வெளுத்த இடம்.

"என்ன பாக்கிய?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

போச்சு என்று நினைத்தேன். தங்கத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. தங்கத்தையே தின்றால் ஆளை விடுமா?

நீர் கேட்பீர், உரைத்துப் பார்த்திருக்கலாமே என்று. உரைக்கக் கூடாது. எங்கள் அப்பா எனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும்போது போட்ட முதல் சட்டம் அது. கழற்றி வந்த கொடியை உரை. கழுத்தில் கிடக்கிற கொடியை உரைக்காதே. அதிலும் நீ கட்டினதை உரைக்கவே உரைக்காதே. கட்டினவனே சந்தேகப்பட்ட மாதிரி ஆகும். அதனால் உரைக்கவில்லை. கண்ணால் பார்த்தே முடிவு சொன்னேன். என் வாழ்க்கையில் கோடு பார்க்காமல் முடிவு சொன்னது அந்த ஒரு தடவைதான்.

யார் இந்த விசிறியை நிறுத்தினது? ஏம்மா, விசிறியைப் போடு. கரண்டு போயிருக்கிறதா? சரி சரி.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே தென்காசிக்கு வந்தேன். இந்த பியூலா டாக்டர்தான். உள்ளே உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். படம் எடுத்தாள். எடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், அருமையா இருக்கு. இந்தக் காலத்துல யாரும் இவ்வளவு சுத்தமா அடைக்கிறதில்ல" என்றாள்.

"அது ரசம். எடுத்துப் போடுங்க" என்றேன்.

"ரசம்தான் சார். ஆனா மத்ததோட சேர்ந்து கல்லா இறுகிட்டு. மெல்லும்போது கொஞ்சம் ஆவி வரும், இல்லேன்னு சொல்லமாட்டேன், ரொம்பக் கொஞ்சம். கர்ப்பமா இருக்கவங்க, சின்னப் பிள்ளைங்க, கிட்னி கோளாறு உள்ளவங்க, இவங்களுக்குப் புதுசா வைக்கிறதைத் தவிர்ப்போம். அம்மாவுக்கு அதெல்லாம் இல்ல. இப்ப இதைக் குடைஞ்சு எடுத்தாத்தான் ஆவி கூடுதலா கிளம்பும். அதோட நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

"தங்கத்தைத் திங்கிது அது. நான் அப்ரைசர்."

அந்த டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டாள், "கறுப்பா தெரியுதுன்னு சங்கடமா இருக்காம்மா? அழகுக்காக மாத்தணும்னா அது வேற விஷயம், பேசலாம். உங்களுக்கு என்ன வேணும்?"

நான் சொன்னேன், "அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், எடுங்க."

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

பாரும் திமிரை. என் மகள் வயசு. நான் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது. பஸ் வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஒரு பல் கடை திறந்திருந்தான். கடை என்றுதான் சொல்வேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் பெண்கள் படம், எல்லாம் பல். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. எடுக்கணுமா, எடுத்துடலாம். வெள்ளை வைக்கணுமா, வெச்சிடலாம். இருபது நிமிஷம். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பையன் தண்ணீரும் சரியாக விடவில்லை, வாய்க்குள் துணியும் கட்டவில்லை, சர்ரென்று குடைந்தான். கறுப்புத் தூளாகப் பறந்தது. அவள் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தான். பல் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியா?" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

ஐப்பசி பிறந்ததும் வலி. வெந்நீர் பட்டால் வலி, தண்ணீர் பட்டால் வலி, மூச்சு இழுத்தால் வலி. போய்க் காட்டினோம், பழகிவிடும் என்றான். பழகவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் இட்லி தின்னும்போது பல்லின் ஒரு பக்கச் சுவர் பெயர்ந்து கையில் வந்தது. இட்லி, கவனியும். கரும்பு இல்லை. வெள்ளியை எடுக்கும்போது பல்லையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறான். திரும்பிப் போனோம். அந்தப் பையன் வேறு ஊருக்குப் போய்விட்டானாம்.

கன்னம் வீங்கிவிட்டது. இரண்டு மாசம் ரசஞ்சாதம், கஞ்சி. வலது பக்கமே வைத்து மென்றாள். பேச்சு இன்னும் குறைந்தது. நான் கணக்குப் போட்டேன், எடுக்கும்போது பறந்த ரசம் உள்ளே போயிருக்கிறது, அதுதான் ஆளை அமுக்குகிறது. கம்பவுண்டர் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் இறங்கும் என்றார். தினமும் காலையில் ஒரு சொம்பு கொத்தமல்லித் தண்ணீர் நானே அரைத்து, வடிகட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் செய்வார்கள்? எந்தப் புருஷன் செய்வான்? வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தருவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் மறுநாள் இன்னும் கெட்டியாக அரைப்பேன்.

தை மாசம். பொங்கலுக்கு மறுவாரம். சொம்பை நீட்டினேன். வாங்கவில்லை.

உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. என் தகரப்பெட்டியோடு வந்தாள். ரிட்டையரான நாளில் பூட்டி வைத்தது. உரைகல், ஆசிட் பாட்டில், எல்லாம் அதில். என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கல்லை எடுத்தாள். கழுத்தில் கிடந்த கொடியைப் பிடித்து, குனிந்து, அந்த வெளுத்த இடத்தைக் கல்லில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"ஏய்! கழுத்தில கிடக்கிறத..."

"கத்தாதிய. கோடு இருக்கு. ஆசிட்ட ஊத்துங்க."

அதுதான் அவள் நாலு மாசத்தில் பேசின நீளமான பேச்சு.

கை என்னவோ தானாகப் போயிற்று. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஒரு சொட்டு விட்டேன். கோட்டின் ஒரு ஓரம் கரைந்தது, மற்றது நின்றது. அப்படிக் கரைந்தால் என்ன என்று என்னைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ரசம் இல்லை. ஒட்டு. அறுந்த நகையைப் பொடி வைத்து ஊதி ஒட்டின இடம். அந்த இடம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும்.

"யாரு ஊதினது இது?" என்றேன்.

"நீங்கதான். சின்னவன் தொட்டில்ல கிடக்கும்போது பிடிச்சி இழுத்து அறுத்துட்டான். நீங்கதான் ராத்திரியோட ராத்திரியா ஒட்டிக் குடுத்திய. முப்பது வருஷமா அங்கதான் இருக்கு. நீங்கதான் பாக்கல."

நான் கல்லைத் துணியால் துடைத்தேன்.

"நான் பேசாம இருக்கிறதுக்கும் ரசத்துக்கும் சம்பந்தம் இல்ல. சம்பந்தி வீட்டாளுக முன்னால கரி தின்னவன்னு சொன்னியல்லா. அதுக்கப்புறம் எனக்குச் சிரிக்க வரல. வாயைத் திறந்தா கரிதான் ஞாபகம் வருது. இதுக்குப் போயி கொத்தமல்லி அரைக்கிய."

பெண்கள் எதையும் மறப்பதில்லை. ஆவணியில் சொன்னதைத் தையில் எடுக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களே, அவள் மட்டும் ஏன் இப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் ஒன்று. ஆசிட் பாட்டிலை மூட வேண்டும், மூடியைக் காணவில்லை. பெட்டிக்குள் தேடினேன், பாய்க்கு அடியில் தேடினேன். கடைசியில் பார்த்தால் என் கையிலேயே இருக்கிறது.

அவள் அதற்குள் சேலை மாற்றிக்கொண்டு பையோடு வந்துவிட்டாள்.

"எங்க?"

"தென்காசிக்கு. அந்த டாக்டரம்மாகிட்ட."

"இரு, சட்டையைப் போட்டுட்டு வாரேன்."

"நீங்க வரவேண்டாம். அங்க வந்தா எனக்குப் பதிலா நீங்க பேசுவிய."

தனியாகப் போனாள், ஓய். அதுவரை தென்காசிக்குத் தனியாக பஸ் ஏறினதில்லை. அன்றைக்கு நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று கேளாதீர். தாகம் எடுத்தது. அந்தக் கொத்தமல்லித் தண்ணீரை நானே குடித்துவிட்டேன். கண்றாவி. அதை எப்படித்தான் இரண்டு மாசம் குடித்தாளோ.

நாலு தடவை போனாள். வேருக்கு மருந்து வைத்து, மீதிப் பல்லைக் காப்பாற்றி, மேலே கேப் போட வேண்டும் என்றிருக்கிறார்கள். என்ன கேப், என்ன நிறம், எதுவும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று இரண்டு தடவை அடுப்படி வரை போனேன்.

மாசியில் எனக்கு வலி வந்தது. மேல்வரிசை, வலது பக்கம். ஆமாம், இந்தப் பக்கம்தான். இல்லை, வீக்கம் இல்லை, லேசாகத்தான். துண்டைக் கன்னத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரே வந்து நின்றாள். கையில் சொம்பு.

"என்னது?"

"கொத்தமல்லித் தண்ணி. ஒரே மடக்கில குடிங்க. உள்ள கிடக்கிறதெல்லாம் இறங்கிரும்."

நான் அவளைப் பார்த்த பார்வையில் என்ன கண்டாளோ, சிரித்துவிட்டாள். முந்தானை இல்லை, கை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து. எதிர்வீட்டு மாடு திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் பார்த்தேன். கேப் வெள்ளை இல்லை. உலோகம். எவர்சில்வர் மாதிரி பளபளவென்று மின்னியது. ஆவணியில் ஒரு கறுப்புப் பொட்டு. இப்போது பல் முழுக்க.

"வெள்ளை இல்லியா அங்க?" என்றேன்.

"இருந்துது. டாக்டரம்மா ரெண்டையும் காட்டினாங்க. எது வேணும்னு என்னைத்தான் கேட்டாங்க. இதான் உறுதின்னாங்க, மெலிசா இருக்கும், பல்லை ரொம்ப ராவ வேண்டாம்னாங்க. ரசம் இல்லியான்னும் கேட்டுக்கிட்டேன், உங்களுக்காக. இல்லியாம்."

"வெளிய தெரியுமே?"

"தெரியட்டும்."

சின்னவன் கல்யாணம் பங்குனியில் நடந்தது. அதே வீடியோக்காரன். அவள் கேமராவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். எனக்கென்னவோ வேண்டுமென்றே சிரிப்பதாகப் பட்டது. டிவியில் போட்டுப் பார்த்தோம். பல் மின்னும்போதெல்லாம் சம்பந்தி என் வாயைப் பார்க்கிறார், இப்போது என்ன சொல்லப் போகிறேன் என்று. நான் காப்பி குடித்தேன். முழுக்க.

ஆக, உம் கேள்விக்குப் பதில். புதிதாக அடைப்பதாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி அடையும். பழையது நன்றாக இருந்தால் நோண்டாதேயும். பளபளப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதேயும். உமக்கு வீட்டில் யாராவது இருந்தால் டிவி பார்க்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இரும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடும், அது பல்லோடு சேர்ந்ததில்லை.

கரண்டு வந்துவிட்டது. ஏழா? ஏழு என்றா கூப்பிட்டார்கள்? நீர் போகிறீரா? உமக்கு வலி அதிகம் போலிருக்கிறதே, முகமெல்லாம்... இல்லையா? சரி.

இல்லை, பயம் இல்லை. அவள் ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறாள். "இவுக நாப்பது கேள்வி கேப்பாக, நீங்க ஒண்ணுக்கும் பதில் சொல்லாதிய, வேலையைப் பாருங்க" என்று டாக்டரிடம் சொல்வதற்காக முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். கேட்கிறதா? உள்ளே ஒரு சிரிப்பு. மெஷின் சத்தத்துக்கும் மேலே. அதேதான்.

என்ன கேட்டீர்? பல்லைச் சரி செய்தது யாரா? பியூலா டாக்டர் கேப் மாட்டினாள், அவ்வளவுதான். அதைச் சரி செய்ததென்று சொல்ல முடியாது.

வீட்டுக்காரி பேரா? முப்பத்தெட்டு வருஷமாகப் ரேஷன் பாரத்தில்தான் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கம் சொல்வதில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள், என் துண்டைக் கொஞ்சம் பிடியும்.

செண்பகவடிவு.